இடி கேட்டால் மாடிக்கு

இடி கேட்டால் உலகத்தில் எல்லா மனிதர்களும் வீட்டுக்குள் ஓடுவார்கள். எங்கள் லாண்டரிக்காரர்கள் மட்டும் மொட்டை மாடிக்கு ஓடுவார்கள். இதில் அவர்களுக்குப் பெருமை வேறு.

கடற்கரையை ஒட்டிய பெரிய ஹோட்டலின் பின்கட்டுதான் எங்கள் லாண்டரி. கீழ்த்தளத்தில் துவைக்கிற மெஷின்கள். அதற்கு மேலே நான் நிற்கிற இஸ்திரிக் கூடம். அதற்கும் மேலே மொட்டை மாடி. மாடி முழுக்க இரும்புக் குழாய்களை நட்டு, குறுக்கே கம்பி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தக் கம்பிகளில் படுக்கை விரிப்புகள் காயும். கடல் பக்கத்தில் எங்கள் மாடியைவிட உயரமாக எதுவும் கிடையாது. மின்னலுக்கு நாற்காலி போட்டு வைத்த மாதிரி இருக்கும்.

துணி உலர்த்துகிற மெஷினும் எங்களிடம் இருக்கிறது. அதற்கு ஒரு போர்வை போர்த்தி மூலையில் உட்கார வைத்திருக்கிறார்கள். "வெயில் சும்மாதானே கெடைக்குது, கரண்ட் எதுக்கும்மா?" என்பார் மேனேஜர். வெயில் சும்மாதான் கிடைக்கிறது. அதில் நிற்கிற நாங்களும் கிட்டத்தட்ட சும்மாதான் கிடைக்கிறோம்.

மேனேஜரை நாங்கள் தெர்மாமீட்டர் என்போம். அந்தப் பெயரை அவர் உழைத்துச் சம்பாதித்தார். கோடை தொடங்கியபோது தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு போஸ்டரும் ஒரு தெர்மாமீட்டரும் வந்தன. சூடு நாற்பதைத் தாண்டினால் வேலையை நிறுத்தி எல்லாரையும் நிழலில் உட்கார வைக்க வேண்டும் என்று உத்தரவு. மனிதர் தெர்மாமீட்டரைக் கொண்டுபோய் தன் ஏசி அறையில், தன் நாற்காலிக்கு எதிரே மாட்டினார். தினமும் மதியம் அதைப் பார்ப்பார். பிறகு கதவை அரையடி திறந்து தலையை மட்டும் நீட்டி, "இருபத்தாறுதான்மா காட்டுது. நல்ல க்ளைமேட்" என்பார். தலை உடனே உள்ளே போய்விடும், எங்கள் காற்று பட்டால் கெட்டுப்போகும் என்பது போல.

போஸ்டரைப் பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டினார்கள். அதனால் அதை நிம்மதியாகப் படித்தது நான் ஒருத்திதான். மற்றவர்கள் அங்கேயும் போனைத்தான் பார்ப்பார்கள்.

என்னை மிளகாய் என்று கூப்பிடுவார்கள். கூப்பிடட்டும். சுடச்சுட உருளுகிற இஸ்திரி ரோலருக்கு முன்னால் நாள் முழுக்க நின்று பாருங்கள், நீங்களும் காரமாகத்தான் பேசுவீர்கள்.

மாடிக்கு மகாராணி என் அண்ணி. என் சொந்த அண்ணனின் பெண்டாட்டி. எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான், அதற்காக அவளை இன்னும் நான் மன்னிக்கவில்லை. வானம் லேசாக உறுமினால் போதும், அண்ணி கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் பறப்பாள். பின்னாலேயே மொத்தக் கூட்டமும் பறக்கும். மழை தரையைத் தொடுவதற்குள் எல்லா விரிப்புகளும் கூடைக்குள் வந்துவிட வேண்டும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அவள் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடமே இதுதான்: "இடி கேட்டா யாரையும் கேக்காதே. ஓடு."

"எங் கையில ஒரு துணி நனைஞ்சதில்ல" என்று அவள் சொல்லாத ஆள் இல்லை. முட்டிவலிக்கு டாக்டரிடம் போனபோது அவரிடமும் சொன்னாள். அந்த ஆள் தலையாட்டிவிட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஒரு தடவை நான் கேட்டேவிட்டேன். "ஏன் அண்ணி, நனைஞ்சாத்தான் என்ன? காலையில பூரா தண்ணியிலதானே கெடந்துச்சு? இன்னொரு தடவ நனைஞ்சா செத்தா போயிடும்?"

அண்ணி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உனக்கெல்லாம் வேலைன்னா என்னன்னு தெரியாதுடி" என்றாள். அந்த வாரம் முழுக்க என்னோடு பேச்சு கிடையாது. அண்ணன்தான் நடுவில் தூது போய் வந்தான்.

அப்புறம் ஒரு நாள் ஹோட்டலில் ஏதோ பெரிய கூட்டம். எல்லா அறையும் நிறைந்துவிட்டது. காலையிலிருந்து அண்ணி மாடியைவிட்டு இறங்கவில்லை. காற்று என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. கடலே கொதிக்க வைத்த மாதிரி கிடந்தது. இஸ்திரிக் கூடத்தில் நாங்கள் எல்லாரும் குளித்துவிட்டுத் துவட்டாமல் வந்தவர்கள் போல நின்றோம். கண்ணுக்குள் எல்லாம் வேர்வை இறங்கியது.

சாப்பாட்டு நேரம் முடிந்த பிறகு அண்ணி கீழே வந்தாள். முகம் செங்கல் மாதிரி இருந்தது. ஒரு சொட்டு வேர்வை இல்லை. அவள் பாட்டுக்கு மேசைக்கு முன்னால் நின்று ஒரு தலையணை உறையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

"அண்ணி, உக்காருங்க" என்றேன்.

"அத்தை சாப்பிட்டாங்களா?" என்றாள் அண்ணி.

அவளுடைய அத்தை என்றால் அவள் மாமியார், என் அம்மா. அம்மா போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. நான் அண்ணியின் கையைப் பிடித்தேன். ரோலரைத் தொட்டதுபோல் சுட்டது. தோல் மொடமொடவென்று காய்ந்திருந்தது. வேர்வை நின்று, உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் அது வெறும் களைப்பு இல்லை, உயிருக்கே ஆபத்து என்று கழிப்பறைக் கதவுப் போஸ்டரில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

கிளிப்பைக் கூப்பிட்டேன். அவளும் மாடிக் கூட்டத்தில் ஒருத்திதான். யூனிஃபார்ம் சட்டைக் காலர் முழுக்கத் துணிக் கிளிப்புகளைக் குத்திக்கொண்டு அலைவாள், அதனால் அந்தப் பெயர். இரண்டு பேரும் சேர்ந்து அண்ணியை மெஷின் கூடத்துக்குப் போகிற நடையில், ஈரத் தரையில் படுக்க வைத்தோம். சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டேன்.

"ஈரத் துண்டால உடம்ப தொடச்சுகிட்டே இரு. வாயில தண்ணிய ஊத்தாதே, புரையேறிடும். இவங்கள விட்டு எங்கயும் போகக் கூடாது. புரியுதா?"

"நான் எங்கக்கா போகப் போறேன்?" என்றாள் கிளிப்பு, என்னவோ நான் அவளைச் சந்தேகப்பட்டுவிட்ட மாதிரி.

தெர்மாமீட்டரின் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தேன். உள்ளே அப்படி ஒரு குளிர். அவர் ஸ்வெட்டர் போட்டிருந்தார். ஆமாம், ஸ்வெட்டர்.

"சார், அண்ணிக்கு உடம்பு அனலா கொதிக்குது. பேச்சு மாறிப்போச்சு. உடனே ஆஸ்பத்திரிக்கு வண்டி வேணும்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். "இருபத்தஞ்சுதான்மா காட்டுது" என்றார். "இந்தச் சூட்டுக்கு அப்படியெல்லாம் வர வாய்ப்பே இல்லையே. காலையில சாப்பிட்டாங்களா?"

"சார், அது உங்க ரூமோட சூடு."

"தெர்மாமீட்டர் புதுசும்மா."

இந்த ஆளைப் பெற்றவர்கள் என்ன பாவம் செய்தார்களோ! "உங்க தெர்மாமீட்டர நெருப்புல போட! நான் சொல்றது ஒரு மனுஷி உயிரு!" என்று கத்தினேன். அப்போதுதான் அவர் போனை எடுத்தார். எடுத்தவர், ஹோட்டல் வண்டியைக் கேட்கலாமா, ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா, அதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று என்னிடமே ஆலோசனை கேட்டார்.

அந்த நேரம் பார்த்து இடி இடித்தது.

தலைக்கு மேலே தடதடவென்று கால் சத்தம். எத்தனை தடவை கேட்ட சத்தம்! இஸ்திரி போட்டவள், மடித்தவள், கணக்குப் பார்த்தவள், எல்லாரும் படியேறுகிற சத்தம். நடைக்கு ஓடினேன்.

தரை காலியாக இருந்தது. ஈரத்தில் அண்ணி படுத்திருந்த அடையாளம் மட்டும் இருந்தது. கிளிப்பும் இல்லை. அண்ணியும் இல்லை.

எழுந்து போய்விட்டாள். தன் பேரைக் கேட்டால் சொல்லத் தெரியாத நிலைமையில், மாமியார் சாப்பிட்டாளா என்று விசாரித்துக்கொண்டிருந்தவள், இடிக்கு மட்டும் சரியாக எழுந்து போய்விட்டாள்.

நான் படியேறிய வேகத்தில் முட்டியில் அடிபட்டது. மாடிக் கதவைத் தாண்டினால், வானம் பாதி கறுத்திருந்தது. கடல்மேல் மின்னல் கிளை கிளையாக இறங்கிக்கொண்டிருந்தது. காற்று திடீரென்று ஆளைத் தள்ளியது. விரிப்புகள் படபடவென்று அடித்தன. அந்த இரும்புக் காட்டுக்கு நடுவில் எங்கள் கூட்டம் சிரித்துக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி விரட்டிக்கொண்டு, துணி உருவிக்கொண்டிருந்தது. கிளிப்பு ஒரு கையில் ஈரத் துண்டோடு மறு கையால் கம்பியிலிருந்து கிளிப்புகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"எறங்குங்கடி! எல்லாரும் எறங்குங்க! மின்னல் வெட்டுது, கண்ணு தெரியலயா?"

"இதோ முடிஞ்சிடுச்சுக்கா, இன்னும் ரெண்டு வரிசைதான்!" என்றாள் ஒருத்தி. "பேசுற நேரத்துக்கு நீயும் ஒரு கை புடி மிளகா!" என்றாள் இன்னொருத்தி. செத்த பிறகு இவர்களை எரிக்கவே வேண்டாம், அந்தச் செலவு மிச்சம் என்று நினைத்தேன். கோபத்தில் கண்ணீர் வந்தது.

அண்ணி கடைசி வரிசையில், கடல் பக்கத்தில் நின்றாள். நின்றாள் என்று சொல்ல முடியாது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். கால் தள்ளாடியது. கிளிப்பைக் கழற்றத் தெரியாமல் விரிப்பைப் பிய்த்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, விடுங்க. கம்பிய விடுங்க. வாங்க போலாம்."

"நனைஞ்சிடும்."

"நனையட்டும்!"

"எங் கையில ஒரு துணி..." என்று தொடங்கியவளுக்கு மீதி வரவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தேன். காய்ச்சலில் இருக்கிறவளுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, கம்பியை விடவே இல்லை. மற்றவர்களைக் கூப்பிட்டேன். அவர்களுக்குக் கடைசி வரிசைதான் கண்ணில் பட்டது, கடைசி வரிசையில் தொங்குகிற ஆள் படவில்லை. மறுபடி ஓர் இடி. இந்தத் தடவை மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவில் மூச்சுவிட நேரமில்லை.

இவர்களுக்கு உயிரைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்று எனக்கு அப்போது விளங்கியது. துணியைப் பற்றித்தான் பேச வேண்டும்.

நிரம்பி நின்ற கூடைகளிடம் போனேன். முதல் கூடையை ஓங்கி உதைத்தேன். வெள்ளை வெளேரென்று காய்ந்த விரிப்புகள் அழுக்குத் தரையில் உருண்டன. மழையின் முதல் துளிகள் பொத் பொத்தென்று அவற்றின்மேல் விழுந்தன. அடுத்ததைக் கவிழ்த்தேன். அதற்கடுத்ததையும். கவிழ்த்ததோடு விடாமல் செருப்புக் காலால் மிதித்தேன். எனக்கு அதில் ஒரு சுகம்கூட இருந்தது, மறைப்பானேன்.

"அடிப்பாவி!" என்று மொத்தக் கூட்டமும் அலறியது.

"நனைஞ்சாச்சு! எல்லாம் நனைஞ்சாச்சு! இனிமே காப்பாத்த இங்க ஒரு துணியும் இல்ல. இப்பவாவது எறங்குவீங்களா?"

அண்ணி கம்பியை விட்டாள். என்னிடம் வந்தாள். கன்னத்தில் ஓர் அறை விட்டாள். அந்தக் கை என் கன்னத்திலேயே சூட்டைப் பூசிவிட்டுப் போனது. அப்புறம் அவள் முழங்கால் மடங்கி, அந்த விரிப்புகள்மேலேயே சரிந்து விழுந்தாள்.

அப்போதுதான் அவர்களுக்குக் கண் தெரிந்தது. கிளிப்பு "அக்கா!" என்று வீறிட்டாள். நனைந்த விரிப்பிலேயே அண்ணியைச் சுருட்டி, முனைக்கு ஒருத்தியாகப் பிடித்துத் தூக்கினோம். படியில் பாதி இறங்கியிருப்போம். வெளிச்சம் கண்ணைப் பறித்தது. கூடவே, பாறை பிளந்த மாதிரி ஒரு சத்தம். கட்டடமே உதறியது. விளக்குகள் அணைந்தன. மேலே கம்பி ஒன்று அறுந்து தரையில் அடிக்கிற ஓசை கேட்டது. கடைசி வரிசைக் கம்பி என்று பிறகு பார்த்தபோது தெரிந்தது.

அடுத்த படியில் கால் வைத்தபடியே ஒருத்தி மெதுவாக, "மேல கம்பியில இன்னும் ரெண்டு பெட்ஷீட் இருந்துச்சே" என்றாள். சத்தியமாக, அப்படித்தான் சொன்னாள். அவளைப் படியிலிருந்து தள்ளிவிடாததற்குக் காரணம், என் கையில் அண்ணியின் தலைப்பக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

நேராக மேனேஜர் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கரண்ட் போயிருந்தாலும் அங்கே குளிர் மிச்சமிருந்தது.

"கார்ப்பெட்..." என்றார் தெர்மாமீட்டர்.

"சார், ஒரு வார்த்தை பேசினீங்க, உங்களையும் இதே துணியில சுத்திருவேன்."

அவர் ஒதுங்கினார். கார்ப்பெட்டில் அண்ணியைக் கிடத்தினோம். மழையில் ஊறிய விரிப்பை உடம்பு முழுக்கப் போர்த்தினோம். அவருடைய குட்டி ஃப்ரிட்ஜிலிருந்த ஜூஸ் பாட்டில்களை எடுத்துத் துணியில் சுற்றி அக்குளிலும் கழுத்தின் பக்கவாட்டிலும் வைத்தேன். பைல் அட்டையால் எல்லாரும் விசிறினார்கள். விரிப்பு சீக்கிரமே சூடாகிவிட்டது. எடுத்துவிட்டு, மெஷின் கூடத்திலிருந்து ஈரமாக இன்னொன்றைக் கொண்டுவந்து போர்த்தினோம். மேலே எறிந்துவிட்டு வந்த துணிகளை எடுக்க கிளிப்பு எழுந்தாள். அவள் காலரைப் பிடித்து உட்கார வைத்தேன். "இடி நிக்கட்டும். நின்னும் அரை மணி நேரம் ஆகட்டும். அதுவரைக்கும் மாடிப் படியில எவளாவது கால் வச்சீங்க..." முடிக்கத் தேவைப்படவில்லை.

மேனேஜரும் விசிறினார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, மண்டியிட்டு, இரண்டு கையாலும் விசிறினார். ஆம்புலன்ஸை அவர்தான் கூப்பிட்டிருந்தார், யாரிடமும் அனுமதி வாங்காமல். மூக்கு நுனியில் வேர்வை சொட்டியது. "இவ்ளோ சூடாவா இருக்கும் உடம்பு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவருக்குப் பதில் சொல்கிற வேலை என்னுடையது இல்லை.

அண்ணி பிழைத்தாள். கொஞ்சம் தாமதித்திருந்தால் மூளையோ சிறுநீரகமோ போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். ஈரத் துணியால் போர்த்தியதுதான் நல்லதாகப் போயிற்று என்றும் சொன்னார். அண்ணன் அதைக் கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அண்ணியோ என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாளும் அப்படித்தான். கஞ்சியை நான் நீட்டினால் வாங்கமாட்டாள், அண்ணன் நீட்டினால் வாங்குவாள். அதற்கும் அடுத்த நாள் சாயங்காலம் அண்ணன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். கட்டிலில் அவளும், ஸ்டூலில் நானும்தான். ஜன்னலுக்கு வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

"எத்தனை நனைஞ்சுது?" என்றாள், சுவரைப் பார்த்தபடியே.

"எண்ணல."

"அழுக்காச்சா?"

"நல்லாவே. நான் மிதிச்சேன்."

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "அந்த ஹோட்டல்காரனுக்கு உங்க பேராவது தெரியுமா அண்ணி? அதுல படுத்துப் பொரள்றவனுக்குத் தெரியுமா? நீங்க போயிருந்தா அன்னிக்கு ராத்திரியும் அவனவன் சுகமாத்தான் தூங்கியிருப்பான். எங்கண்ணன்தான் தூங்கியிருக்க மாட்டான். நான் தூங்கியிருக்க மாட்டேன்." சொல்லும்போதே என் குரல் உடைந்துபோனது. எனக்கு அது பிடிக்கவில்லை.

அண்ணி போர்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மல்லாந்து படுத்தாள்.

அப்போது தூரத்தில் கடல் பக்கம் ஓர் இடி உருண்டது. சின்ன இடிதான். போர்வைக்குள் அண்ணியின் கால் இரண்டும் சடாரென்று அசைந்தன. ஒரு கால் கட்டிலைவிட்டு இறங்கித் தரையைத் தேடியது. கையில் ஏறிக்கொண்டிருந்த சலைன் குழாய் இழுபட்டு ஸ்டாண்டு ஆடியது. அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கே தெரியவில்லை தன் கால் என்ன செய்கிறதென்று. திகைத்துப்போய் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அந்தக் காலைத் தூக்கிக் கட்டிலில் போட்டு, இரண்டு கால்மேலும் என் முழு எடையோடு உட்கார்ந்தேன்.

"எந்திரிடி, வலிக்குது."

"வலிக்கட்டும்."

"நான் எங்கயும் போகலடி."

"உங்கள நம்புறேன் அண்ணி. உங்க கால நம்ப மாட்டேன்."

அடுத்த இடி கிட்டத்தில் இடித்தது. எனக்கடியில் கால்கள் துள்ளின. அண்ணி என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "அப்படியே உக்காருடி" என்றாள் அழுதுகொண்டே. "எந்திரிச்சிடாதே."

மழை விடுகிறவரைக்கும் நான் எழுந்திருக்கவில்லை.